ஒரு பிடி பச்சை மிளகாய்

எங்கள் கடையில் ரத்தம் சிந்தியது ஒரு பிடி பச்சை மிளகாய்க்காக. இதைச் சொன்னால் தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் சிரிக்கிறார்கள். கொல்கத்தாக்காரர்கள் மீனுக்கும் கால்பந்துக்கும் அடித்துக்கொள்வார்கள் என்று தெரியும், மிளகாய்க்குமா என்று கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்று நான் தூக்கிப் பிடித்த இரும்புக் கம்பியின் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பா தென்காசிப் பக்கத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தா. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். கோபம் எனக்குக் கேட்காமலே வரும். கல்யாணமான புதிதில் பவானிபூரில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஒற்றைக் கடை பிறகு கரியாஹாட்டில் ஒன்று, டாக்குரியாவில் ஒன்று என்று கிளை விட்டு, மாவட்டத் தலைநகரங்கள் வரை போய்விட்டது. நானும் கூடவே ஏறி டாக்குரியாக் கிளையின் மேற்பார்வையாளர் ஆனேன்.

பழைய கடையில் சத்தம் அதிகம். முதலாளி கத்துவார், வாங்க வருகிறவர்கள் அவரைவிட உரக்கக் கத்துவார்கள். பருப்பில் கல், எடையில் குறை, நேற்று கொடுத்த கத்திரிக்காயில் புழு, எல்லாவற்றுக்கும் சண்டை உண்டு. சண்டை முடிந்து பையைத் தூக்கும்போது வாடிக்கையாளர் மிளகாய்க் கூடையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொள்வார். முதலாளி அதைப் பார்த்து, கூட ரெண்டு கொத்தமல்லித் தண்டையும் திணிப்பார். நாம் கொசுறு என்பதை இங்கே ஃபாவ் என்பார்கள். அது இல்லாமல் வீடு திரும்பினால் ஏமாந்து வந்த மாதிரி. அந்த ஒரு பிடியோடு அன்றைய சண்டை தீர்ந்துவிடும். மறுநாள் புதிதாகத் தொடங்கலாம்.

முதலாளி படுக்கையில் விழுந்த பிறகு மகன்கள் வந்தார்கள். கண்ணாடிக் கதவு வந்தது, ஏசி வந்தது, டிராலி வந்தது. வாடிக்கையாளர் தானே எடுத்து, தானே எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. கத்துவதற்கு ஆள் இல்லாமல் போனதும் ஜனங்களின் கோபம் கைக்கு இறங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். மெஷின் பார்கோடு படிக்காத பருப்புப் பொட்டலத்தை பில் போடும் பெண்ணின் முகத்தில் வீசி எறிந்தார் ஒரு பெரிய மனிதர். பொட்டலத்தின் ஓரம் கிழித்து அவள் புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. அவர் மறுவாரம் வந்து அவளிடமே பில் போட்டுக்கொண்டு போனார்.

தள்ளுபடி நாட்கள் இன்னும் மோசம். துர்கா பூஜைக்கு முன்னால் கடுகெண்ணெய் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அறிவித்தார்கள். கதவைத் திறந்ததும் கூட்டம் ஆற்றுவெள்ளமாக உள்ளே வந்தது. இரண்டு பெண்கள் ஒரே பாக்கெட்டை ஆளுக்கொரு மூலையில் பிடித்து இழுக்க, அது வெடித்துத் தரையெல்லாம் எண்ணெய். அதில் வழுக்கி விழுந்த ஒருவர்மேல் பின்னால் வந்தவர்கள் ஏறி நடந்தார்கள். கை முறிந்த அந்த அம்மாவை நான் இழுத்து வெளியே போட்டபோது அவர் மற்றக் கையில் இரண்டு பாக்கெட்டை விடாமல் பிடித்திருந்தார். தலைமை அலுவலகத்தில் அன்று கேக் வெட்டினார்கள். அவ்வளவு விற்பனை.

அந்தத் தலைமை அலுவலகத்திலிருந்துதான் கோயம்புத்தூர் இளைஞன் வந்தான். சால்ட் லேக்கில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவனை எங்கள் ஆட்கள் இழுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் அனுபவம் என்று ஒரு துறை, அதற்கு அவன் தலைவன். நான் தமிழ் என்று தெரிந்ததும் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டான். மரியாதையான பிள்ளை, அதை மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் ரசம் சாப்பிட்டிருக்கிறான்.

அவன் கணக்குப் பார்த்து, காய்கறிப் பகுதியில் சரக்கு ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தான். ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு இலைகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. வாசலில் ஒரு எஃகு மேஜை, அதன்மேல் பழைய மின் தராசு, பக்கத்தில் காவலாளி. பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். மாட்டுகிறவர்களைப் படம் எடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்ட வேண்டும். இதில் எதையும் தாளில் எழுதவில்லை. மேற்பார்வையாளர்களைக் கூட்டி வைத்து வாயால் சொன்னான். ஒரு மாதம் யாரும் மாட்டாத வாசலில் காவலாளியை மாற்றிவிடச் சொல்லி, காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சிக்கும் என் எதிரிலேயே போன் போட்டான்.

எங்கள் காவலாளி கேனிங் பக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறவர். முன்பு சணல் ஆலையில் மூட்டை தூக்கியவர். ஆலை மூடியபிறகு இந்தச் சீருடை. ஆள் மலை மாதிரி, குரல் மட்டும் பூனைக்குட்டி. என்னை திதி என்று கூப்பிடுவார், அதாவது அக்கா. என்னைவிட வயதில் மூத்தவர். மாதம் முடியப்போகிறது, ஒருவர்கூட மாட்டவில்லை, இந்த இடமும் போனால் ஏஜென்சி வேறு இடம் தராது என்று டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். யாரும் திருடவில்லையே, நான் யாரைப் பிடிப்பேன் என்றார்.

உண்மையில் தினமும் பத்துப் பேராவது மிளகாய் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் அதைத் திருட்டாகவே நினைக்கவில்லை. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே. இதை நான் கோயம்புத்தூர்க்காரனிடம் எடுத்துச் சொன்னேன். மிளகாயையும் கொத்தமல்லியையும் மட்டும் விட்டுவிடு, அதில் கை வைத்தால் இந்த ஊர் பொறுக்காது என்றேன்.

"தம்பி, உங்க ஊர்ல கறிவேப்பிலையக் காசு குடுத்தா வாங்குதீங்க?"

"ஊர்ல சரிங்க்கா. சிஸ்டத்துல கொசுறுக்குக் கோடு இல்லீங்க்கா."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதைப் பெரிய தடையாக நினைத்தான். அம்மா மார்க்கெட்டில் கறிவேப்பிலைக்குச் சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, இங்கே கண்ணாடிக்குள் வந்ததும் அதை மறந்துவிட்டான். எனக்கு அவன் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை நேரக் கூட்டம். அவனும் அன்று எங்கள் கிளையைப் பார்வையிட வந்திருந்தான். வாசலில் அவன் நிற்கிறான் என்பதால்தான் காவலாளி அன்று ஒவ்வொரு பையாகக் கொட்டினார். நெற்றியில் பெரிய பொட்டும் கையில் நைலான் பையுமாக ஒரு மாஷிமா வந்தார். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா, வயதில் மூத்த எந்தப் பெண்ணும். பவானிபூர்க் கடை நாளிலிருந்து எங்களிடம் வாங்குகிறவர். அந்தக் காலத்தில் என்னிடமே எத்தனையோ தடவை சண்டை போட்டுவிட்டு, போகும்போது மிளகாய் அள்ளியிருக்கிறார்.

காவலாளி பையைக் கொட்டினார். உருளைக்கிழங்கு, பரங்கி, முருங்கை, எல்லாவற்றிலும் ஸ்டிக்கர். கடைசியாக ஒரு பிடி பச்சை மிளகாய் மேஜையில் சிதறியது. அவர் அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு கோயம்புத்தூர்க்காரனைப் பார்த்தார். அவன் எடு என்று தலையை ஆட்டினான். நான் உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. படம் எடுக்க வேண்டும், இப்படி நில்லுங்கள் என்றார்.

மாஷிமா ஃபாவ் என்றார். அவருக்கு அது போதுமான பதில். இன்னொரு தடவை படம் என்றதும் ஓங்கிக் கன்னத்தில் ஒரு அறை விட்டார். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது காவலாளி அந்த மணிக்கட்டைப் பிடித்தார். முறுக்கவில்லை, பிடித்தார், அவ்வளவுதான். மாஷிமா உதறி இழுக்க, கை போய் எஃகு மேஜையின் விளிம்பில் மோதியது. சங்கு வளை இரண்டாக உடைந்து, ஒரு துண்டு தோலைக் கிழித்து, ரத்தம் மிளகாயின் மேல் சொட்டியது.

நமக்குத் தாலி எப்படியோ அப்படி அவர்களுக்கு அந்த வெள்ளைச் சங்கு வளை. புருஷன் உயிரோடு இருக்கும்போது அது உடைந்தால் அபசகுனம். அதை வேற்று ஆம்பிளை கையைப் பிடித்து உடைத்தான் என்றால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உடைந்த துண்டைப் பார்த்து மாஷிமா போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலில் வரிசையில் நின்றவர்கள் அடித்தார்கள். பையால், குடையால், செருப்பால். யாரோ டிராலியை ஓடவிட்டு காவலாளியின் முழங்காலில் மோதினார்கள். அவர் விழுந்ததும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தும் பக்கத்துத் தெருப் பையன்களின் க்ளப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். என்ன நடந்தது என்று வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெண்பிள்ளை மேல் கை வைத்துவிட்டான் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. ஹெல்மெட்டால் மண்டையில் அடித்தார்கள். கண்ணாடிக் கதவு நொறுங்கி உள்ளே கொட்டியது. அந்தக் கண்ணாடித் தூளின் மேலேயே அவரைப் புரட்டிப் புரட்டி உதைத்தார்கள். அவர் தடுக்கவே இல்லை. தலையை மட்டும் மடியில் வைத்துக்கொள்வது போலச் சுருண்டார்.

நான் மாஷிமாவிடம் ஓடினேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்துவார்கள், ஆள் செத்துப்போவான் என்று வங்காளியில் கெஞ்சினேன். அவர் மணிக்கட்டைப் புடவையில் அழுத்திக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"என் சங்கு ஒட்டுமா? நீ சொல்லு."

இதற்குள் ஒருவன் எந்தக் கையால் தொட்டாய் என்று கேட்டு, காவலாளியின் வலது கையை இழுத்துத் தராசுத் தட்டின் மேல் வைத்தான். இன்னொருவன் எங்கள் பாத்திர ஷெல்ஃபிலிருந்தே ஒரு சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்திருந்தான். விலை ஒட்டிய தாள்கூட அதில் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தராசில் எண்கள் சிவப்பாகக் குதித்து அடங்கின. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் நிதானமாக நெய் டப்பாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தது. என்னோடு தினமும் சிரித்துப் பேசும் ஒரு வங்கி அதிகாரி முந்திரிப் பொட்டலங்களை அள்ளி, உடைந்த கதவு வழியாகப் போகும்போது அவற்றின் மேல் ஒரு கட்டு கொத்தமல்லியும் வைத்துக்கொண்டார்.

ஷட்டரை இழுக்க எங்களிடம் கொக்கி வைத்த நீளமான இரும்புக் கம்பி ஒன்று உண்டு, வாசல் தூணுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். அதை எடுத்தேன். சப்பாத்திக் கட்டைக்காரன் மறுபடி ஓங்கியபோது அவன் தோளில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு அப்போதும் வருத்தம் இல்லை, இப்போதும் இல்லை.

"எவம்லே கிட்ட வாரது? மண்டையப் பொளந்துருவேன்."

இத்தனை வருஷம் வங்காளி பேசியும் அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அப்பாவின் ஊர்த் தமிழ். என்ன சொல்கிறேன் என்று யாருக்கும் புரியாததாலோ என்னவோ, ஒரு கணம் எல்லோரும் நின்றார்கள். அந்த ஒரு கணத்தில் பில் போடும் பெண்கள் காவலாளியின் கால்களைப் பிடித்து கவுண்டருக்கு அடியில் இழுத்துவிட்டார்கள். புருவத்தில் தையல் தழும்பு உள்ளவள் உப்புப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டத்தின் மேல் எறிந்தாள். சரியான குறி. நான் கவுண்டரை மறித்துக் கம்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றேன். ஒரு பாட்டில் என் முழங்கையில் பட்டு உடைந்தது, மாங்காய் ஊறுகாய். எண்ணெயும் மிளகாய்த்தூளும் காயத்தில் இறங்கி எரிந்தது. போலீஸ் ஜீப் வரும்வரை அப்படியே நின்றேன்.

எல்லாம் ஓய்ந்தபிறகு குளிர் அறையைத் திறந்தோம். வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு நடுவே கோயம்புத்தூர்க்காரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"போயிட்டாங்களாங்க்கா?" என்றான்.

காவலாளி பிழைத்துக்கொண்டார். விலா எலும்புகள் சேர்ந்தன, மண்டைக் காயம் ஆறியது. வலது கை விரல்கள் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை. அவர் அரசு ஆஸ்பத்திரியில் தரையில் படுத்திருந்தபோதே ஏஜென்சி அவரை நீக்கிவிட்டது. பெண்ணின் கையைப் பிடித்து இழுத்ததாக அவர்மேல் வழக்கு. தோள்பட்டை உடைந்தவன் கொடுத்த புகாரில் என்மேல் இன்னொரு வழக்கு. அவரை அடித்தவர்கள் யார் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

சில நாளில் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். காவலாளி தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டார், கம்பெனி அப்படி எதுவும் சொல்லவில்லை என்று நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். அப்படிச் சொன்னால் என் வழக்கைக் கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார். இதைச் சொல்லும் பொறுப்பை அந்தப் பிள்ளையின் தலையிலேயே கட்டியிருந்தார்கள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நாம சொன்னது எழுத்துல எங்கயுமே இல்லீங்க்கா."

"எழுத்துல இல்ல. எங் காதுல இருக்கு."

அவன் நிமிர்ந்தபோது அறைந்தேன். ஒரே அறை. மாஷிமா காவலாளியை அறைந்த அதே கன்னம்தான். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, புரிகிறது என்பது போலத் தலையசைத்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அத்தோடு அந்தக் கடைக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் போய் உத்தரவு யாருடையது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். எந்தக் கடையில் வேலை பார்க்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். இப்போது எந்தக் கடையிலும் இல்லை என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள்.

அடுத்த பூஜைக்குள் கரியாஹாட் சந்திப்பில் பெரிய விளம்பரப் பலகை ஏறியது. எங்கள் பழைய கடையின் பெயர், அதற்குக் கீழே பழைய வழக்கம் திரும்பி வந்துவிட்டது என்று வங்காளியில் பெரிய எழுத்து. இனி ஒவ்வொரு பில்லுக்கும் பச்சை மிளகாய் ஃபாவ், வீட்டுக்கு வரவழைத்தாலும் உண்டு. அழகாக ஒட்டிய சின்னப் பொட்டலம், அதிலும் ஒரு கோடு. சிஸ்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. பலகையில் ஒரு கை அந்தப் பொட்டலத்தை நீட்டுகிறது, கையில் புத்தம் புது சங்கு வளைகள். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று கேள்வி. மாஷிமா இப்போது கரியாஹாட் கிளைக்குப் போகிறார். நான் பேருந்தில் போகும்போது ஒருநாள் பார்த்தேன், பையும் கையுமாக வந்துகொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரன் பெரிய வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டான்.

காவலாளி டாக்குரியா ஸ்டேஷனுக்கு வெளியே சாக்கு விரித்துக் காய்கறி விற்கிறார். நான் அவரிடம்தான் வாங்குகிறேன். தராசைத் தூக்க வலது கை உதவாது என்பதால் கூறு கட்டி வைத்திருப்பார். முதல் நாள் இடது கையால் பையை நீட்டிவிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதே திதி என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் எனக்கு முன்னால் ஒரு பெண் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தாள். பேரம் பேசி, திட்டி, ஒருவழியாக முடித்துவிட்டு, மிளகாய்க் குவியலில் கையை விட்டு அள்ளினாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். அவள் இன்னொரு பிடி அள்ளினாள். அவள் பையை மூடி, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, உனக்கு என்ன வேண்டும் திதி என்று கேட்டார்.